வாங்க மறுத்த பாக்கி

ஜாபருக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டில் திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற கடை. இன்னொரு பவர் மெஷின் வாங்க இரண்டு லட்சம் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அங்கே கடன் பிரிவில் இருந்த மிருதுளா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு பழைய பர்சனல் லோன் 'செட்டில்டு'ன்னு இருக்கு சார்."

ஜாபருக்குப் பெருமையாக இருந்தது. அவருக்குத் தெரிந்து செட்டில் ஆவது நல்ல விஷயம். மச்சான் மகன் ஜமீர் துபாயில் செட்டில் ஆனதற்குத் தெருவுக்கே பிரியாணி போட்டார்கள்.

"அப்படி இல்ல சார். முழுசா கட்டாம பேசி முடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். 'குளோஸ்டு'ன்னு இருந்தாத்தான் லோன் பாஸ் ஆகும்."

"நான் எங்கம்மா பேசினேன்? கொரோனா சமயம், கடை மூடிக் கிடந்துச்சு. இவ்வளவு கட்டுங்க, மீதியை விட்டுடறோம்னு பைனான்ஸ் கம்பெனிதான் கடிதம் குடுத்துச்சு. எங்கிட்ட விட்டுட்டோம்னு சொல்லிட்டு, ஊருக்கெல்லாம் கட்டலைன்னு எழுதலாமா?"

நியாயம்தான் என்றாள் மிருதுளா. ஆனால் நியாயத்தைப் பதிய கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். விட்ட பாக்கியைக் கட்டி, நிலுவை இல்லை என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் ரிப்போர்ட் மாறும் என்றாள்.

விட்ட பாக்கி ஒன்பதாயிரத்து நானூறு. அந்நாளில் வசூலுக்கு வந்துகொண்டிருந்த குப்புராஜின் நம்பர் ஜாபரின் போனில் இன்னும் 'எடுக்காதே' என்ற பெயரில் இருந்தது. முதல் முறையாக ஜாபரே அதை அழைத்தார்.

"இன்னா பாய், நல்லா கீறியா?"

"உங்க கம்பெனிக்கு ஒன்பதாயிரத்து நானூறு தரணும்."

குப்புராஜ் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரை இன்னொரு தடவை பார்த்தான். அவன் தொழிலில் யாரும் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை.

"உன் கணக்கு முடிஞ்சு மூணு வருசமாச்சு பாய். உங்கிட்ட துட்டு வாங்க சிஸ்டத்துலயே வழி கிடையாது."

"வழி பண்ணுப்பா."

பார்க்கிறேன் என்றான். பார்க்கவில்லை. எனவே ஜாபர், குப்புராஜிடமே கற்றுக்கொண்ட முறைப்படி இறங்கினார். காலை ஏழு மணிக்கு ஒரு போன், அவன் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் ஒரு போன். அவன் எடுக்காமல் போனதும் மனைவி அஜீசாவின் போனிலிருந்து, பிறகு டீக்கடைக்காரர் போனிலிருந்து. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் அவன் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்.

கீழ் வீட்டு தபீதாள் அக்கா எட்டிப் பார்த்தார். "இவர் உங்களுக்குப் பணம் தரணுமா?"

"இல்லம்மா. நான் தரணும். வாங்க மாட்டேங்கிறார்."

இதைத் தனியாகக் கேட்பது சரியில்லை என்று தபீதாள் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டார். கால் மணியில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பாவம், அந்த மனுஷன் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பார், வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று ஆளாளுக்கு மாடியைப் பார்த்துக் கேட்டார்கள். குப்புராஜ் தலையில் சோப்பு நுரையோடு இறங்கி வந்தான்.

"இன்னா பாய் இப்டி பேஜார் பண்றே. மானம் போவுது."

"தெரியும்ப்பா. எனக்கும் போச்சு," என்றார் ஜாபர், கோபமே இல்லாமல். "நாளைக்குக் கம்பெனிக்குப் போலாமா?"

போனார்கள். தாம்பரத்தில் கம்பெனி மேனேஜர் ஜெபசீலன் தலையைச் சொறிந்தபடி பணத்தை வாங்கி ரசீது கொடுத்தார். மூன்றாம் நாள், 'கூடுதலாகக் கட்டிய தொகை' என்று அதே ஒன்பதாயிரத்து நானூறு ஜாபரின் கணக்குக்கே திரும்பி வந்தது.

"தானா வந்த பணத்தை ஏங்க விரட்டுறீங்க?" என்றாள் அஜீசா.

ஜாபர் மறுபடி போனார். இம்முறை சாப்பாட்டையும் கட்டி எடுத்துப் போய் ஜெபசீலனின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் ஜெபசீலன் தலைமை அலுவலகத்துக்கு ஐந்து மெயில் போட்டு, பழைய கடிதத்தை ரத்து செய்ய வைத்து, பணத்தை வரவு வைத்து, நிலுவை இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நாற்பது நாளில் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வந்தது. வங்கியில் கடன் கிடைத்தது. புது மெஷின் வந்து இறங்கிய அன்று ஜெபசீலனே போன் செய்தார்.

"பாய், உங்கள மாதிரி விடாப்பிடியான ஆளை நான் பார்த்ததில்ல. எங்க கம்பெனிக்கு வசூலுக்கு வரீங்களா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அஜீசா போனை வாங்கி வைத்தாள்.

"பல்லாவரம் மண்டபத்துக்காரர் பதினாறு திரைச்சீலைக்கு ஒரு வருஷமா காசு தரல. மொதல்ல அதை வசூல் பண்ணுங்க."

ஜாபர் புது மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எப்படிம்மா போய்க் கேக்கறது," என்றார். "கூச்சமா இருக்கு."