வாளி நிரம்ப ஆகும் நேரம்

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. செய்தவன் நான்தான். கத்தி, ரத்தம் என்று எதையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஒரு பக்கத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான். என் அக்கா மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக எழுதிய பக்கம் அது.

இந்தக் கதையின் முதல் வரியை ஏழு முறை எழுதி அடித்துவிட்டேன். எட்டாவது இது:

(அப்பா இறந்த அன்று வீட்டிலிருந்த கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. அந்த மௌனத்தில் ஒரு சிறுமி

வேண்டாம். இந்த வரி ஏற்கெனவே ஒருத்தியின் வாய்ப்பைக் கெடுத்திருக்கிறது. அன்றும் நான்தான் எழுதினேன். இன்றும் கை தானாக அங்கேயே போகிறது, பாருங்கள். கட்டையில் போகிற வரை போகாத புத்தி.

2

அவளை வீட்டில் 'நிமிஷம்' என்போம். எதற்குக் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டாள். மதிப்பெண் ஒன்பதாம் வகுப்பில் அறுபத்தொரு சதவீதம், பத்தில் அறுபத்து மூன்று, பதினொன்றில் அறுபத்திரண்டு, பன்னிரண்டில் மறுபடி அறுபத்து மூன்று. மேலும் போகாது, கீழும் போகாது. 'இதுக்கு மேல நான் என்ன செய்ய?' என்று கணக்கு ஆசிரியரே கையை விரித்துவிட்டார்.

அவள் கேட்டதோ நாட்டிலேயே இடம் கிடைப்பது அரிதான ஒரு பல்கலைக்கழகத்தில், நீரியல் படிப்பு. மொத்தம் நாற்பது பேர். முப்பத்தாறு இடங்கள் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களுக்கு. மீதி நான்கு, மதிப்பெண் குறைந்தவர்களுக்கு. அதற்கு ஒரு பக்கக் கட்டுரையும் ஒரு நேர்காணலும் உண்டு. ஒருவர் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம்.

அக்கா சொன்னாள், "உன் மாமா எழுதற ஆளு. அவன்கிட்டக் காட்டாம அனுப்பாதே."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

3

அவள் கொண்டுவந்த பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எந்தெந்த மாடியில் அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அளந்து எழுதியிருக்கிறாள்.*

* அவள் அப்பா குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர் என்று எழுதினால் கதைக்கு எவ்வளவு பொருத்தம்! அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது நெஞ்சுவலியில் போனார். வாளிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"என்னடி இது, வாளியும் குழாயும்? படிக்கிறவங்க கொட்டாவி விடுவாங்க. மார்க் ஏன் கம்மின்னு அவங்களுக்குக் காரணம் வேணும்."

"காரணம் எதுவும் இல்லையே மாமா. எனக்கு இவ்ளோதான் வரும்."

"அப்பா போனாரே, அது காரணமில்லையா?"

"அப்பா போனதுக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?"

நான் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தேன். கடிகாரங்கள் நின்றன. சிறுமி இருளில் தேம்பினாள். புத்தகத்தின் எழுத்துகள் கண்ணீரில் கரைந்தன. (கரையுமா? அச்சடித்த எழுத்து எங்கே கரையும்? கண்டுகொள்ளாதீர்கள், அன்றைக்கு எனக்குக் கை ஓடிக்கொண்டிருந்தது.)

அவள் படித்துப் பார்த்தாள். "நம்ம வீட்டுல ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கு. அது நிக்கவே இல்லையே மாமா."

"அதுக்குப் பேருதான் எழுத்து," என்றேன்.

இந்தப் பதிலை இங்கே அடித்துவிட ஆசையாக இருக்கிறது. இருக்கட்டும்.

4

நேர்காணல் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை, திரும்பும் வழியில் பேருந்தில் அவள் சொன்னாள். நான் ஒன்றும் மெருகேற்றவில்லை.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை மதிப்பெண் பட்டியலைப் புரட்டினாராம்.

"அப்பா தவறினப்போ எந்த வகுப்பும்மா?"

"பதினொண்ணு மேடம்."

"அதுக்கு முன்னாடியும் இதே மார்க்குதானே இருக்கு?"

"ஆமா மேடம். எனக்கு எப்பவும் இதான் வரும்."

"கட்டுரையில வேற மாதிரி இருக்கே?"

மற்ற இருவரும் காகிதத்தை மூடிவிட்டார்கள். பேராசிரியை மட்டும், பாவம் பார்த்தோ என்னவோ, வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறார். இவள் வாளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பத்து நிமிடம் அதைப் பற்றியே கேள்வி. குழாயின் அகலம் என்ன, எந்த வீட்டில் எத்தனை பேர், மோட்டார் எப்போது போடுவார்கள். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏம்மா எழுதல?" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"தோணலைன்னு சொல்லிட்டேன்."

"மாமாதான் மாத்தினாருன்னு சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எனக்காக வெளியில உக்காந்திருந்தீங்களே மாமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பத்தாறு வயது, மூன்று புத்தகம் போட்டவன். அதற்கு அவள் சொன்ன பதில்போல ஒரு வரி என் மூன்றிலும் இல்லை.

5

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. கட்டுரையும் நேர்காணலும் ஒத்துப்போகவில்லை என்பதால் இடம் தர முடியாததற்கு வருந்துகிறார்களாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவங்கப்பாவை எதுக்குடா இழுத்தே?" என்று மட்டும் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன.

முடிவு அ: பேராசிரியையால் வாளியை மறக்க முடியவில்லை. ஒரு நாள் அவரே தொலைபேசியில்

(நான் அவருக்கு எழுதினேன், நிஜமாகவே. திருத்தியது நானென்று ஒப்புக்கொண்டு இரண்டு பக்கம். விதிமுறைக்கு இடமில்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.)

முடிவு ஆ: வருடங்கள் கழித்து அவள் பெரிய ஆளாகி, மாமாவை மன்னித்து

ச்சீ. எனக்கு வசதியான முடிவு இது.

நடந்தது இதுதான்: அவள் ஒரு மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். காலையில் வாளி இன்னும் நிரம்புகிறது, நேரம் குறிக்கப்படுகிறது.

இதுவரை எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் படித்தாள்.

"போடுங்க மாமா. ஆனா அப்பாவை விட்டுடுங்க. வாளியை மட்டும் வைங்க."

அப்பாவை எடுக்க முடியவில்லை. குற்றத்தைச் சொல்லாமல் மன்னிப்பை எப்படிக் கேட்பது? இதிலும் அவள் பேச்சை நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"முடிவு?" என்றேன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? காலேஜ்ல சீட்டு குடுக்கறவங்களைக் கேளுங்க."

6

ஆகவே, உங்களைக் கேட்கிறேன். மேசைக்குப் பின்னால் உட்காருங்கள். முதல் பிரிவில் கடிகாரங்கள் நின்றபோது நீங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்தானே? பரவாயில்லை, நானும்தான்.

அவள் முதலில் கொண்டுவந்த பக்கம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மேலே என் சிவப்புக் கோடுகள். அடியில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து கீழே தருகிறேன். இந்த முறை நான் எதையும் தொடவில்லை.

"எங்கள் கட்டடத்துக்கு மொட்டைமாடியில் ஒரே தொட்டி. நான்காவது மாடியில் வாளி நிரம்ப ஐந்து நிமிடம். தரைத்தளத்தில் இரண்டு நிமிடம். உயரம் காரணம் என்று புரிகிறது. ஆனால் இரண்டாவது மாடியில் எட்டு நிமிடம் ஆகிறது. குழாயில் அடைப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடைப்பு என்றால் தினமும் எட்டு நிமிடம் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று நிமிடத்தில் நிரம்புகிறது. இரண்டு வருடமாக அப்படித்தான். நான் பெரிய மார்க் எடுப்பவள் இல்லை. மெதுவாகத்தான் எனக்குப் புரியும். செவ்வாய்க்கிழமை ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் இடத்தில் அது தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்."