பதினாலு வயதுக் கோட்டைச்சாமி

ஒக்கூர்க் கோட்டைச்சாமிக்கு நாற்பத்தேழு வயது. ஆனால் காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த கோடைகால அறிவியல் முகாமின் பட்டியலில் அவருக்குப் பதினாலு. 1971 மே மாதத்துக் குளறுபடி இது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்தை நிரப்பியவர் அவரேதான்.

முகாமுக்குப் போக வேண்டியவள் அவர் மகள் அழகி. ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் முதல் மார்க். பாரத்தை நானே நிரப்புகிறேன் என்று அவள் சொன்னபோது, "சர்க்கார் காயிதம் ஆத்தா, அடிச்சுத் திருத்துனா செல்லாமப் போயிரும்" என்று பிடுங்கிக்கொண்டார். 'பெயர்' என்ற இடத்தில், எழுதுகிறவன் பெயரைத்தானே கேட்கிறார்கள் என்று தன் பெயரை எழுதினார். 'வயது' வந்ததும், முகாம் பிள்ளைகளுக்குத்தானே என்று மகளின் வயதைப் போட்டார். 'பாதுகாவலர்' என்ற இடத்தில்தான் பேனா நின்றது. தன்னை யார் பாதுகாக்கிறார்கள்? வெயிலில் போனால் துண்டை எடுத்துக் கொடுப்பவள், சந்தைக்குப் போனால் வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பவள் யார் என்று யோசித்து, 'அழகி' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

முகாம் தொடங்கிய அன்று கல்லூரிக் குமாஸ்தா சத்தியமூர்த்தி பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கோட்டைச்சாமி, பதினாலு வயசு. பையன் எங்க?"

"நான்தான்" என்றார் கோட்டைச்சாமி.

குமாஸ்தா அவருடைய மீசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். "அப்ப இந்தப் பிள்ளை?"

"பாதுகாவலர்" என்றாள் அழகி, பல்லைக் கடித்துக்கொண்டு.

பட்டியல் டெல்லிக்குப் போய் ஒப்புதலாகித் திரும்பியிருந்தது. மாற்றச் சொல்லி எழுதினால் பதில் வருவதற்குள் பத்து நாள் முகாம் முடிந்துவிடும். பட்டியலில் இல்லாதவர் சேர முடியாது என்று சத்தியமூர்த்தி ஒரே பிடியாக நின்றார். முகாமை நடத்திய இயற்பியல் பேராசிரியர் சபியுல்லாவுக்குச் சண்டை பிடிக்காது.

"ரெண்டு பேருமே இருங்க. பேரு கூப்புட்டா அவுக 'உள்ளேன் ஐயா' சொல்லட்டும், பாடத்தை இந்தப் பிள்ளை கேக்கட்டும். பாதுகாவலர் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே" என்றார்.

அழகிக்கு மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தது. கோட்டைச்சாமிக்குப் பையன்கள் விடுதியில், மருது, அப்துல் மாலிக் என்ற இரண்டு பையன்களுக்கு நடுவில் ஒரு கட்டில். முதல் இரண்டு நாள் அவர் வெட்கத்தில் செத்தார். காலை உடற்பயிற்சியில் எல்லாரும் கையைத் தூக்கும்போது அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். நான்காம் நாள் பையன்கள் அவரைக் "கோட்டை" என்று கூப்பிட, அவரும் திரும்பிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இப்போது வகுப்பில் அவர் கைதான் முதலில் உயர்ந்தது. "கொஞ்சம் சும்மா இருங்கப்பா, மத்தவுகளும் கேக்கணும்ல" என்று அழகி வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

ஆறாம் நாள் சபியுல்லா சைபன் நடத்தினார். உயரத்தில் இருக்கும் வாளியில் ரப்பர் குழாயின் ஒரு முனையைப் போட்டு, மறுமுனையைக் கீழே பிடித்து ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் போதும், தண்ணீர் தானாகவே ஏறி இறங்கி வரும். வருஷக்கணக்கில் ஏற்றம் இறைத்துத் தோள் காய்த்துப்போன கோட்டைச்சாமி வாயைப் பிளந்தார்.

அன்று மதியம் விடுதியில் பாயசம். சமையலறை மேட்டில், ஜன்னலை ஒட்டிப் பெரிய அண்டாவில் இருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டிதான் என்று அங்கே நின்ற சத்தியமூர்த்தியின் கண்டிப்பு.

"கோட்டை, தண்ணிக்கு வர்றது பாயசத்துக்கு வராதா?" என்றான் மருது.

"வராம எங்குட்டுப் போகும்?" என்றார் கோட்டைச்சாமி.

சோதனைச் சாலைக் குழாய் ஜன்னல் வழியாக உள்ளே போனது. வெளியே அவர் குந்தி உட்கார்ந்து உறிஞ்சினார். மாலிக் கையில் இருந்த செம்பில் கால்வாசி விழுந்ததும் நின்றுபோயிற்று. ஜவ்வரிசி அடைத்துக்கொண்டது. திரும்ப உறிஞ்சினார். வரவில்லை. அடைப்பை எடுக்க, மூச்சை நிறைய இழுத்து ஊதினார்.

அண்டாவுக்குள் என்னவோ கொப்பளிக்கிறதே என்று உள்ளே சத்தியமூர்த்தி குனிந்து பார்த்த நேரம் அது.

சபியுல்லாவின் அறைக்குப் பாதுகாவலரை அழைத்து வரச் சொன்னார்கள். அழகி வந்தபோது, நெற்றியில் ஜவ்வரிசியோடு குமாஸ்தா ஒரு பக்கம், தலையைக் குனிந்துகொண்டு கோட்டைச்சாமி மறுபக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நீ பொறுப்பான பிள்ளைன்னுதானே நினைச்சேன்" என்றார் பேராசிரியர்.

"இனிமே நடக்காமப் பாத்துக்கிறேன் சார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா செஞ்சீக? ஊதலாமா? குழாயை உருவி அலசுனா ஆச்சு!"

"மறந்துட்டேன் ஆத்தா" என்றார். இருபது வருஷத்தில் யாரும் அவரை இப்படித் திட்டியதில்லை. அவமானமாக இருந்தது. ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. அது என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

தண்டனை, நிறைவு நாளில் மேடையில் சைபனை விளக்குவது. கோட்டைச்சாமி மேடை ஏறினார், கூட்டத்தைப் பார்த்தார். குழாயை வாயில் வைத்தபடியே நின்றார். முன்வரிசையிலிருந்து அழகி எழுந்து போய்க் குழாயை வாங்கினாள். தண்ணீர் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, பாயசம் ஏன் நின்றது, எவ்வளவு அகலமான குழாய் இருந்தால் ஜவ்வரிசியும் வந்திருக்கும் என்று கால்மணி நேரம் பேசினாள். கைதட்டலில் சத்தியமூர்த்தியின் கையும் இருந்தது.

சான்றிதழ் கோட்டைச்சாமி பெயரில்தான் வந்தது. சபியுல்லா தன் கைப்பட அழகிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: இந்த முகாமில் பாடத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர் பாதுகாவலர் ஒருவரே.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மருதுவும் மாலிக்கும் ஓடி வந்து அழகி முன்னால் நின்றார்கள்.

"பந்து விளையாட ஒரு ஆள் கொறையுது. கோட்டையை அனுப்புவீகளா?"

அழகி அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள வந்துறணும்" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கோட்டைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தார்.