ஊருக்கு ஊர் மாறிய பெண்

எந்த ஊருக்குப் போனாலும் பேச்சாளர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“இங்க பொம்பளைங்க அதிகமா எங்க வேலை பாக்கறாங்க?”

“பிஸ்கட் கம்பெனியில மேடம்,” என்றார் கார் டிரைவர். “ஏன், சேரப் போறீங்களா?”

சிரித்துவிட்டு, மேடையில் சொல்லப்போகும் கதைப் பெண்ணின் வேலையை மாற்றிக்கொண்டாள். போன ஊரில் தையல்காரி; இன்று பிஸ்கட் பாக்கெட் போடுகிறவள். உண்மையில் அந்தக் கதைப் பெண் பேச்சாளரின் சொந்தத் தங்கை. கருவைக் கலைக்கப் போன இடத்தில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். அவனுக்குப் பயந்து எவளிடமோ மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தம் நிற்காமல் செத்துப்போனாள். ‘ஊர் சிரிக்கும், அவ பேரை எடுக்காதே’ என்று அம்மா தடை போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தைச் சட்டமாகவே ஆக்க அடுத்த வாரம் சட்டசபையில் ஓட்டு. அதைத் தடுக்கத்தான் இந்த ஊர் ஊரான அலைச்சல்.

ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. மேடையில் தங்கையைச் சாகடிக்க நாக்கு எழாது. ஒவ்வொரு ஊரிலும் பிழைக்க வைத்துவிடுவாள். அன்று சாயங்காலம் மேடையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா வீட்டுக்குப் போறேன்னு புருஷன்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனா. திரும்பி வந்தப்ப முகம் வெளுத்துப்போய்...”

பின்வரிசையில் நாற்காலி சாய்ந்தது. ஒருவன் எழுந்து, கம்பெனிச் சீருடையில் இருந்த மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“ஏய், அன்னிக்கு அக்கா வீட்டுக்குத்தானே போனே? வந்து சுருண்டு படுத்தியேடி!”

அவள் அவனைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. கதையில் சொன்னதை நிஜமாகவே செய்தவள் அவள் என்று பேச்சாளருக்குப் புரிந்துவிட்டது.

முன்வரிசையில் டிவி கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அவங்களை விடுங்க. அப்படி ஒரு பொம்பளையே கிடையாது. நான் கட்டிவிட்ட கதை.”

“சத்தியமா?”

“என் தங்கச்சி மேல சத்தியம்.”

கூட்டம் ஊளையிட்டது. “பாத்தியா, எல்லாம் டுபாக்கூர்!” என்று அவன் சிரித்தான். மனைவியும் அவசரமாகச் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த ஊர்க் கூட்டத்தை ரத்து செய்துவிட்டதாக அமைப்பாளர் போனில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மறுவாரம் சபையில் அவள் மறுத்துச் சொன்னதையே படித்துக் காட்டி, மேசையைத் தட்டிச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். டிவியில் பார்த்துவிட்டு அம்மா கூப்பிட்டாள்.

“அப்படி ஒரு பொம்பளையே கிடையாதுன்னியாமே. அவளைப் பத்து மாசம் சுமந்தவடி நான். என்கிட்டயும் சொல்லேன், அதை!”