மரிசெல் நின்ற இடம்

புற்று முதலில் இடது காலைச் சுற்றி எழும்பியதா, வலது காலைச் சுற்றியா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. இடது என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டு வருகிறேன். தெருவில் சிலர் வலது என்கிறார்கள்; அவர்களும் என்னைப் போல அன்று காலை அங்கே எட்டிப் பார்த்தவர்கள்தான். ஆடித் தபசுக்குக் கொடியேறிய அன்றா, மறுநாளா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மற்றபடி, சங்கரன்கோவில் ரயில்வே பீடர் ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில், கோமதித்தாய் வீட்டுப் பின்கட்டில், அவளுடைய மருமகளான மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டு நின்றபோது, அவள் கால்களைச் சுற்றிக் கரையான் மண் எழும்பி முழங்கால் வரை புற்றாக இறுகியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அன்று பூ மார்க்கெட்டில் பிச்சி விலையும் ஏறியிருந்தது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது.

கோமதித்தாயின் மகன் இசக்கித்துரை துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அவன் வேலைக்குப் போய்வந்த ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் மரிசெல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடலோரத் தீவு ஒன்றில் பிறந்தவள். ஒரு புயல் அவளுடைய வீட்டையும் தாயையும் ஒரே நாளில் கொண்டுபோயிருந்தது. ஒரே அக்கா வேறொரு நாட்டில் யார் வீட்டிலோ வேலை செய்துகொண்டிருந்தாள். தன் அப்பா இறந்தபின் இசக்கித்துரை ஊரோடு வந்து ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போட்டான். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்து, மரிசெல் ஒரு சிவப்புப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆனி மாதக் கடைசியில் வீட்டில் வைத்து மாலை மாற்றினார்கள். கையோடு போய்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எவனாவது கல்யாணக் கையெழுத்துப் போடுவானா என்று கோமதித்தாய் கேட்டாள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பதிவை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு மாதம் திரும்பி வந்தது. இந்தியரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டவர் ஆயுள் முழுக்க இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் ஓர் அட்டை தருகிறது. ஓ.சி.ஐ. என்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கக் கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். முடிவது ஆவணியில். மரிசெல்லின் விசாவோ ஆடி நடுவில் தீர்ந்தது. ஏற்கனவே நீட்டக்கூடிய மட்டும் நீட்டியாயிற்று. தேரடிப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் மைதீன் பாட்சாதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர். காகிதங்களை மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை ஒரு தடவை அவள் நாட்டுக்குப் போய்ப் புது விசாவோடு வருவதைத் தவிர வழியில்லை என்றார். போனால் விசா தருவார்களா என்று இசக்கித்துரை கேட்டான். பாட்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தரலாம் மாப்ளே. முன்ன ரெண்டு தடவ தரல்லல்லா. அதான் யோசிக்கேன்."

"அங்க போயி இவ யாரு வீட்ல தங்குவா மாமா?"

பாட்சா பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

மரிசெல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் அந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்ததற்கு அடையாளமே கிடையாது. தண்ணீர் குடித்த தம்ளரைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிடுவாள். கொடியில் அவள் சேலை காய்ந்த அடுத்த நிமிஷம் இறங்கிவிடும். கட்டிலுக்கு அடியில் இருந்த சிவப்புப் பெட்டியை அவள் காலி செய்யவே இல்லை. உடுத்த ஒரு துணியை எடுப்பாள், துவைத்தபின் மடித்து அதற்குள்ளேயே வைப்பாள். பீரோவில் இசக்கித்துரை அவளுக்கென்று ஒதுக்கிய தட்டு வெறுமனே கிடந்தது. இன்னொருவர் வீட்டில் அனுமதி முழுதாகக் கிடைக்கும் முன் சாமான் பரப்பக்கூடாது என்பது அவள் எண்ணம். ஓடத் தயாராக இருப்பவள்தான் பெட்டியைக் காலி செய்யமாட்டாள் என்பது கோமதித்தாயின் எண்ணம். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பெட்டி இருவருக்கும் நடுவில் இரண்டு வருஷம் கிடந்தது.

புறப்படும் நாள் வந்தது; சாயங்காலம் ரயில். காலையில் கடைசியாக ஒருமுறை பாத்திரம் துலக்கிவிட்டுப் போகிறேன் என்று மரிசெல் பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்தவள் திரும்ப வரவில்லை. கோமதித்தாய் போய்ப் பார்த்தபோது செம்மண் அவள் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கரையான்கள் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தன. குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீரையே மண் குழைக்க எடுத்துக்கொண்டன. அது முழங்காலுக்கு வருவதற்குள் தெரு வந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் புற்று மண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், நோய்க்கு நாக்கில் வைப்பார்கள். ஒரு வீட்டுக்குள் புற்று எழும்பினால் வீட்டைத்தான் மாற்றுவார்கள், புற்றைத் தொடமாட்டார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் படுக்கையறையை அதற்கு விட்டுவிட்டுக் கூடத்தில் தூங்குகிறார்கள். அதனால் இசக்கித்துரை கடையிலிருந்து ஓடிவந்து கடப்பாரையைத் தூக்கியபோது, பெற்ற தாயே குறுக்கே வந்து நின்றாள். அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு மனைவியிடம் வலிக்கிறதா என்று கேட்டான். மரிசெல் கொஞ்சநேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை, உள்ளே கதகதப்பாக இருக்கிறது என்றாள். இந்த ஊருக்கு வந்தபிறகு அவள் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் செய்தி அது என்று இசக்கித்துரை பிற்பாடு என்னிடம் சொன்னான். பொதிகை நேரத்துக்குக் கிளம்பிப் போனது.

மறுநாள் தலைமைக் காவலர் மூக்காண்டி வந்தார். பாஸ்போர்ட் விசாரணை எல்லாம் அவர்தான் பார்ப்பார். ஆள் கிளம்பியாயிற்றா என்று உறுதி செய்யவேண்டிய கடமை அவருக்கு. வீட்டு முன்னாலிருந்தே சத்தம் கொடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவர், பார்த்ததும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தாயி, ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகணுமே."

"எங்கன வர, அண்ணாச்சி?" என்றாள் மரிசெல். "காலு இங்கனல்லா இருக்கு."

மூக்காண்டி குனிந்து புற்றைப் பார்த்தார். வேப்பமரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, அதுவும் போய்விட்டது. அவர் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக்காரர். வயல் வேலைக்கு நடுவில் புற்று வந்தால் உழவையே வளைத்துக்கொண்டு போகும் ஊர். கடைசியில் கோமதித்தாயிடம் திரும்பினார்.

"அக்கா, இந்தப் பிள்ள எடம் விட்டுப் போகுதான்னுதான் என்னயப் பாத்து எழுதச் சொல்லிருக்கு. இதுக்கு மேல உறுதியா, போகலன்னு நான் எதப் பாத்து எழுத?"

அவரே ஆட்டோ பிடித்து ஒரு டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, பயணம் செய்யும் நிலையில் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார். காரணம் என்ற இடத்தில் மண் என்று எழுதினார். மைதீன் பாட்சா அதை மேலே அனுப்பினார். பயணம் செய்யமுடியாதவரை அனுப்பமுடியாது என்ற விதி எல்லா நாட்டிலும் இருப்பதுதான். ஆவணியில் விண்ணப்பித்து முடிவு வரும் வரை இருக்கலாம் என்று பதில் வந்தது. விண்ணப்பம் தள்ளுபடியானால் அதன்பின் ஒருநாள்கூடக் கிடையாது என்றும் சேர்த்து எழுதியிருந்தது.

இசக்கித்துரை ஏசி வைக்கும் இரும்புச் சட்டத்தை வளைத்து, சாயவும் படுக்கவும் தோதாக ஓர் ஆசனம் செய்து கொடுத்தான். மேலே தகரம் போட்டான். மற்ற காரியங்களைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கேட்கவில்லை. தபசுக் கூட்டத்தில் விஷயம் பரவி, அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கும் ஊரில் ஒருத்தி இரண்டு காலிலும் நிற்கிறாளாமே என்று வெளியூர்க்காரர்கள் மண் கேட்டு வந்தார்கள். கோமதித்தாய் விளக்குமாற்றோடு நடையில் நின்றாள். மண் வேண்டுமானால் கோயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், இது எங்கள் வீட்டுப் பிள்ளையின் கால் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். புளியங்குடியிலிருந்து வந்த ஒருத்தி கூடை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். அதை மட்டும் வாங்கி ஊறுகாய் போட்டாள். ஒரு மத்தியானம் நல்லபாம்பு ஒன்று வந்து புற்றைச் சுற்றிப் பார்த்தது. ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் போய்விட்டது.

உட்கார்ந்த இடத்திலேயே மரிசெல் பூண்டு உரித்தாள், பிச்சி தொடுத்தாள், வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் கேட்டாள். துணி மாற்ற வேண்டியிருந்தபோது அவளால் பெட்டியிடம் போகமுடியவில்லை. முதல் தடவை கோமதித்தாய் ஒரு சேலையை எடுத்துக்கொடுத்தாள். அடுத்த தடவை பெட்டியையே பின்கட்டுக்கு இழுத்துவந்தாள். மூன்றாம் தடவை அதைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அடியில் மரிசெல்லின் தாயுடைய படம் இருந்தது, புயலுக்குத் தப்பியது. அதை முந்தானையால் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மருமகள் முகத்தைப் பாராமல் பேசினாள்.

"அன்னிக்குக் கையெழுத்துக்கு ஆடின்னு சொன்னது நெசந்தாட்டி. ஆனா ஆவணிக்குள்ள நீ ஓடிப்போயிருவியோன்னும் பாத்தேன்."

கொடியில் சேலைகள் அசைந்துகொண்டிருந்தன. மரிசெல் பூச்சரத்துக்கு முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நானும் நீங்க போகச் சொல்லுவீங்கன்னு பாத்தேன், அத்தே."

அதன்பின் இருவரும் இருட்டும் வரை சேர்ந்து பூத் தொடுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நானே அதைப் பார்த்தேன். படம் கூடத்துக்குப் போய், இசக்கித்துரையின் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஏறியது. சேலைகள் பீரோத் தட்டில் ஏறின.

ஆவணி பிறந்ததும் விண்ணப்பம் போயிற்று. நேரில் வர இயலாதவர் என்று டாக்டர் எழுதியிருந்ததால் ஓர் அதிகாரியம்மாள் வீட்டுக்கே வந்தார். வடக்கத்திக்காரர்; தமிழைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். புற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்து பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். கல்யாணம், வீடு, வரும்படி எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, எவ்வளவு காலம் இங்கே தங்க உத்தேசம் என்று கேட்டார். அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. இசக்கித்துரை வாயைத் திறந்தான், கோமதித்தாய் அவன் கையைப் பிடித்தாள். மரிசெல் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதிகாரியம்மாளும் பார்த்தார். பேனா நின்றது. பிறகு அவர் பதிலுக்குக் காத்திராமல் எதையோ எழுதிக்கொண்டு, சொம்பில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, போகும்போது ஒரு சிட்டிகை மண் கேட்டார். கோமதித்தாய் அவருக்கு மட்டும் கொடுத்தாள்.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மைதீன் பாட்சா தினமும் கடை திறந்ததும் கம்ப்யூட்டரில் பார்ப்பார். தெருவில் யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள், அவர் நடையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். புரட்டாசி முழுக்க அவர் மெதுவாக நடந்தார். ஐப்பசியில் முதல் மழை ஓர் இரவெல்லாம் பெய்து வெறித்த காலையில், புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. மரிசெல்லின் கால்விரல் இடுக்குகளிலிருந்தும் முழங்கால் ஓரத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் எழும்பி, தகரத்தைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகப் போனது. கூசுகிறது என்று அவள் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்துத் தெரு அதுவரை கேட்டதில்லை. கடைசி ஈசல் போனபோது மைதீன் பாட்சா தெருமுனையில் திரும்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயதை மறந்து ஓடிவந்தார்.

"கெடச்சிட்டு அக்கா. ஆயுசுக்கும்."

மரிசெல் அப்போது ஒரு மூச்சு விட்டாள். இரண்டு வருஷமாக, ஒருவேளை அதற்கும் முன்னால் புயல் நாளிலிருந்தே, உள்ளே நிறுத்தி வைத்திருந்த மூச்சாக இருக்கவேண்டும். அது பின்கட்டிலிருந்து கிளம்பி, சமையலறையைக் கடந்து, கூடத்தில் இரண்டு படங்களையும் அசைத்து, வாசல் காலண்டரில் மூன்று மாதத் தாள்களைப் புரட்டிவிட்டு, தெருவில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தது. நீண்ட நேரம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது அடங்கியபோது மழையில் ஊறிய புற்று கால்களை விட்டிருந்தது. அவள் உடனே வெளியே வரவில்லை. கால் வரும் என்று தெரிந்தபின்னும் இன்னும் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள்; இடது கால் என்றுதான் நினைக்கிறேன். கோமதித்தாய் கை கொடுத்தாள்.

அந்தப் புற்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலிருந்த இரண்டு துளைகளில் ஒன்றில் அந்த நல்லபாம்பு குடியேறியிருக்கிறது. மற்றது காலியாக இருக்கிறது. பாத்திரம் துலக்கும் இடத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மரிசெல்லின் பாதத்து மண் எத்தனை கழுவியும் போகவில்லை. நடக்கும் இடமெல்லாம் செம்மண் தடம் விழுகிறது. கோமதித்தாய் அதைத் துடைப்பதில்லை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஓட்டுப் போடமுடியாது, விவசாய நிலம் வாங்கமுடியாது, மற்றபடி இருக்கலாம். மரிசெல் இருக்கிறாள். கடையில் கணவனோடு உட்கார்ந்து ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுகிறாள். மூக்காண்டி ஓய்வுபெற்று வாசுதேவநல்லூரில் வயலைப் பார்க்கிறார். மைதீன் பாட்சாவுக்கு முழங்கால் வலி. அன்று ஓடியதால் வந்தது என்கிறார். போன வருஷம் மரிசெல் தன் அக்காவைப் பார்க்கப் போனாள். சென்னை விமான நிலையத்தில் அவளுக்குப் பின்னால் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாராம். சொன்ன தேதியில் திரும்பி வந்தாள். அந்தப் பயணத்துக்குப் பாட்சா வீட்டில்தான் பெட்டி இரவல் வாங்கவேண்டியிருந்தது. சிவப்புப் பெட்டியில் கோமதித்தாய் ஒரு வருஷத்துப் புளியைப் போட்டு வைத்திருக்கிறாள்.