தேய்த்தும் போகாதது

சனிக்கிழமை மதியம் துவைக்க எடுத்த மகளின் பள்ளிச் சீருடையை உட்புறம் திருப்பியபோதுதான் விஜயகலா அதைக் கண்டாள். இடது கை மூட்டுகிற இடத்தில், அக்குளுக்குக் கீழே, நாலாக மடித்த வெள்ளைத் துணி ஒன்று வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான தையல் இல்லை. இழுத்தால் பிரிந்து வருகிற மாதிரி விட்டு விட்டுப் போட்ட தையல். துணியின் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு கறை, ஓரம் மஞ்சளாகவும் நடு பழுப்பாகவும் காய்ந்து மொடமொடத்துக் கிடந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோகவில்லை. தேவையிருக்கவில்லை. அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். அப்போது அவள் போட்டிருந்த சட்டைக்குள்ளும் இரண்டு பக்கமும் அதே தையல்தான் இருந்தது.

லயத்தார் குளிக்கிற பீலிக் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் வாளியை நிரப்பி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் துணி அலசிக்கொண்டிருந்த இலட்சுமி, "என்னா கலா, வாளி ரொம்பிப் போவுது, எங்க நெனப்பு?" என்றாள். விஜயகலா சீருடையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு, "ஒன்னுமில்ல, சவுக்காரம் வீட்டுலயே மறந்துட்டேன்" என்று எழுந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்தாள். சவுக்காரம் கல்லின் மேலேயே இருந்தது. இலட்சுமி அதைப் பார்த்தாள்.

முதல் கட்டி அவளுக்குப் பதினேழு வயதில் வந்தது. வலது அக்குளில், மொச்சைக்கொட்டை அளவில், தொட்டால் உயிர் போகிற மாதிரி. சூட்டுக் கட்டி என்று மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார்கள். உடைந்தது, ஆறியது. மூன்று மாதத்தில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு மற்ற அக்குளில். பிறகு தொடை இடுக்கில். ஒரு கட்டி உடைந்து மூடுகிற இடத்துக்கு அடியால் ஊறிப் போய் வேறோர் இடத்தில் கண் திறக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் உடம்பின் மடிப்புகளில் ஏதாவது ஒன்று கனிந்துகொண்டோ கசிந்துகொண்டோதான் இருந்தது. தொடை இடுக்கில் வந்த நாட்களில் கால்களை அகட்டி வைத்து மலை ஏறுவாள். கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பாள்.

வலியைப் பழகிக்கொள்ளலாம். வாடையைத்தான் பழக முடியவில்லை. நல்லவேளையாக அவள் ரப்பர் பால் வெட்டினாள். பால் வாளி சுமக்கிறவர்கள், ஒட்டுப்பால் பிரித்தெடுக்கிறவர்கள் எல்லோர் மேலும் ஒரு புளித்த நெடி ஏறியிருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் நின்றால் யாருடைய வாடை எது என்று யாருக்கும் தெரியாது. ருவான்வெல்லைப் பக்கம் திறந்த தையல் பெக்டரிக்கு இலட்சுமி வருந்தி வருந்திக் கூப்பிட்டபோது, பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டாள். குளிரூட்டிய அறை, தோளோடு தோள் இடிக்க நாற்பது பெண்கள். அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

புருஷன் சதீஸ் கல்யாணமான முதல் வருஷத்திலேயே சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினான். ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஷாமிளா பிறந்த பிறகு கொழும்பில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவான், மகளுக்கு உடுப்பு கொண்டு வருவான், இரவில் தம்பி வீட்டில் படுத்துக்கொள்வான். ஏன் என்று விஜயகலா கேட்டதில்லை. காரணம் தன் உடம்பில் இருக்கிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சீருடையை மறுபடி விரித்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது அது எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷாமிளாவுக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை வாடை என்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டதாக யாரோ சொல்லக் கேட்டு, விஜயகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைக்குத் தேச்சுக் குளிக்கத் தெரியாதா?" என்று கத்தி, பீலிக்கு இழுத்துப் போய், எல்லோர் முன்னாலும் தேங்காய்நாரால் அவள் அக்குளைத் தேய்த்தாள். பிள்ளை துடித்தது. "நோவுதும்மா, நோவுதும்மா" என்றது. "நடிக்காத" என்று முதுகில் ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு ஷாமிளா கத்தவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற காண் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அங்கே ஒரு கட்டி இருந்திருக்க வேண்டும். தன் விரலுக்கு அது தட்டுப்பட்டதா இல்லையா என்று விஜயகலா எவ்வளவு யோசித்தும் தெளிவாகவில்லை. தட்டுப்பட்டிருக்கும் என்றே தோன்றியது.

டியூஷன் முடிந்து நான்கு மணிக்கு ஷாமிளா வந்தாள். கட்டிலில் விரித்துக் கிடந்த சீருடையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"காட்டு" என்றாள் விஜயகலா.

"என்னாத்த?"

"கையத் தூக்கிக் காட்டு ஷாமி."

"நான் குளிக்கிறேன்" என்றாள் ஷாமிளா. குரல் அடங்கித்தான் இருந்தது. "காலைலயும் குளிக்கிறேன், அந்திக்கும் குளிக்கிறேன். சவுக்காரம் போட்டுத்தான் குளிக்கிறேன். போதுமா?"

சீருடையை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். விஜயகலாவுக்கு வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது. எனக்கும் இருக்கு. இரண்டே வார்த்தை. அவள் எழுந்து குசினி வாசல் வரை போனாள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இடது கையை உடம்பில் ஒட்டாமல் சற்றே விலக்கிப் பிடித்திருந்தாள். விஜயகலா திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் யட்டியாந்தோட்டை பஜாரில், புவாட்டின் மருந்துக் கடைக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். புவாட் வெளியே போகும்வரைக்கும் காத்திருந்துவிட்டு உள்ளே போனாள். அவருடைய மனைவி நூரியா மட்டும் இருந்தாள். இருவருக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஆனால் பேச்சு காய்ச்சல் மாத்திரையைத் தாண்டியதில்லை.

"நூரியாம்மா, கக்கத்துல வார கட்டிக்கு ஏதாச்சும் களிம்பு இருக்குங்களா?"

நூரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "கோவிச்சிக்காதீங்க. ஒரு வருஷமா ஒங்கட மகள்தான் காயத்துக்குக் கட்டுற துணி வாங்கிட்டுப் போறா. யாருக்கு எண்டு கேட்டா அம்மாக்கு எண்டு சொல்லுவா. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஒங்களுக்கில்லயா?"

விஜயகலா கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும்தான் என்று சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கடைக்குள், அரை இருட்டில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே நின்று சொன்னாள். நூரியா களிம்பு தரவில்லை. பெரியாஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் தோல் கிளினிக் இருக்கிறது, ஆறு மணிக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். "களிம்பால முடிஞ்ச காரியம் எண்டா நான் தந்திருப்பேன். ரெண்டு பேருமே போங்க. நீங்களும் காட்டுங்க."

புதன்கிழமை ஷாமிளா மறுக்காமல் வந்தாள். மறுக்காததே விஜயகலாவுக்குப் பயமாக இருந்தது. பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு இளம் பெண் டொக்டர், பக்கத்தில் வயதான நர்ஸ் ஒருத்தி. டொக்டருக்குத் தமிழ் வராது. ஷாமிளாவைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, சட்டையைக் கழற்றும்படி சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். ஷாமிளாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விலாவோடு இறுக்கி, தலையைக் குனிந்துகொண்டாள். டொக்டர் இன்னொரு தடவை சொன்னாள். நர்ஸ் தோளைத் தொடப் போனாள். பிள்ளை சுருண்டாள். வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள்.

விஜயகலா தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். மூன்றாவது பொத்தான் வர மறுத்தது, இழுத்ததில் தெறித்து நிலத்தில் உருண்டது. சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, ஒட்டியிருந்த துணியைப் பிரித்து எடுத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். வெளிச்சத்தில் யாருக்கும் காட்டாத இடம். தழும்பு தழும்பாகத் தடித்து, கயிறு கயிறாக இழுத்து, நடுவே இரண்டு கண் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. கை முழுதாக மேலே போகவில்லை. தோல் அவ்வளவுக்கு விடவில்லை. "மொதல்ல என்னயப் பாருங்க நோனா" என்று சிங்களத்தில் சொன்னாள்.

டொக்டர் கையுறை போட்ட விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். விஜயகலா வருஷத்தைச் சொன்னதும் அவள் விரல் அப்படியே நின்றது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்பாள், அதற்கு ஒரு பதிலை விஜயகலா தயாராக வைத்திருந்தாள். கேட்கவில்லை. அடுத்த அக்குளையும் பார்த்துவிட்டு, சட்டையை அவளே தூக்கி விஜயகலாவின் தோளில் போட்டுவிட்டாள்.

விஜயகலா அப்போதுதான் மகளைப் பார்த்தாள். அதிர்ச்சி எதையும் அங்கே காணவில்லை. ஷாமிளா அம்மாவின் அக்குளைப் பார்க்கவே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டியிருந்த கைகளைத் தானாகவே பிரித்தாள்.

பிள்ளைக்கு ஒரே ஒரு பக்கம்தான். சிவந்து கனிந்த ஒன்று, ஆறிய தடம் மூன்று. டொக்டர் பார்த்து முடித்துவிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினாள். நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள். தோல் மடிகிற இடங்களில் மயிர்க்கால்கள் அடைத்துக்கொண்டு வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, சில குடும்பங்களில் அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும். பிள்ளைக்கு மருந்திலேயே கட்டுப்படுத்திப் பார்க்கலாம். அம்மாவுக்குச் சில இடங்களை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்கு வேறு டொக்டரிடம் அனுப்புவேன். அழுத்தக் கூடாது, நசுக்கக் கூடாது, போட்டுத் தேய்க்கவே கூடாது.

"சுத்தமா இல்லாததாலதானே நோனா?" என்று விஜயகலா கேட்டாள்.

டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஜராவ நிஸா நெவெய் அம்மே. லெடக்."

அழுக்கால் இல்லை. நோய். விஜயகலா அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அதற்குப் பதிலாகப் பழைய ஒவ்வொன்றும் வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு முதுகு. தான் போகாத பெக்டரி. பீலிக்கரையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. நோய் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் இதில் எது நடக்காமல் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருந்து எடுத்துக்கொண்டு, பஸ் தரிப்பில் நிழல் இருந்த பக்கமாக நின்றார்கள். விஜயகலா பசிக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தாள். ஷாமிளா அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் திடீரென்று. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒங்க சட்டையக் காயப் போடுறப்ப பாத்திருக்கேன். அதப் பாத்துத்தான் நானும் தச்சேன்."

விஜயகலா மருந்துப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெரிஞ்சிருந்தும்தானே என்னயத் தேச்சீங்க?"

"என்னயும் அப்பிடித்தான் ஷாமி தேச்சாங்க."

சொல்லி முடிக்கும்போதே அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு என்ன சொல்லலாம் என்று தேடினாள். தான் பயந்ததைச் சொல்லலாம். மகளின் உடம்பில் தன் வாடையை முகர்ந்த அன்றைக்கு, அதைத் தண்ணீரில் விட்டுவிட முடியும் என்று வெறி பிடித்த மாதிரி நம்பியதைச் சொல்லலாம். "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் ஊருக்குப் போகிற கித்துல்கல பஸ் வந்து இரைச்சலோடு நின்றது. அவள் சொன்னது ஷாமிளாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. ஷாமிளா முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விஜயகலாவுக்கு இரண்டு வரிசை தள்ளி மறுபக்கத்தில் இடம். யட்டியாந்தோட்டை தாண்டியதும் களனி கங்கை ரோட்டோடு சேர்ந்துகொண்டது. காலையில் மேலே மழை பெய்திருக்க வேண்டும், தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஓடியது. மகளின் பின்னலும் ஒரு காதும் மட்டும் அவளுக்குத் தெரிந்தன. பணிஸைச் சுற்றியிருந்த தாள் பிரிபடுகிற மாதிரி இருந்தது. இல்லையென்றால் அது வேறு யாருடைய மடியிலோ.

கித்துல்கலவுக்குக் கிட்டே பஸ் ஒரு வளைவில் நின்றது. எதிரே லொறி வர வழிவிட வேண்டும். கீழே ஆற்றில், பாறைகளுக்கு இடையால் இரண்டு ரப்பர் படகுகள் சீறிக்கொண்டு வந்தன. சிவப்பு மிதவைச் சட்டை போட்ட ஆணும் பெண்ணுமாக உல்லாசப் பயணிகள் பத்துப் பதினைந்து பேர். கடைசி நீர்ச்சரிவைத் தாண்டி அமைதித் தண்ணீருக்குள் வந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து துடுப்புகளை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயரத் தூக்கிக் கத்தினார்கள். ஒருத்தி துடுப்பைப் போட்டுவிட்டு வெறும் கைகளையே வானத்துக்கு நீட்டினாள். அவள் கைகளில் இருந்து தண்ணீர் வழிந்து அக்குளுக்குள் இறங்கி வெயிலில் மினுங்கியது.

ஷாமிளா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லொறி போய், பஸ் நகர்ந்து, ஆறு மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தாள்.