கன்னியப்பன் போட்ட ஆறு கோடுகள்

பெரிய மார்க்கெட் பக்கம் என் மருந்துக்கடை. அதன் பிரெஞ்சுப் பலகையைத் தமிழில் எழுத, 1955 தை மாதம் பலகை எழுதும் கன்னியப்பன் ஏணி வைத்தார். பிரெஞ்சுக்காரன் ஆட்சி போன கையோடு ஊரே பலகை மாற்றிக்கொண்டிருந்ததால் அவர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வெள்ளிக்கிழமை பூசைக்குள் முடிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தேன். இரண்டே எழுத்து பாக்கி. மனிதர் ஏணியை விட்டு இறங்கி, படியில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் நெடி அவருக்கு ஆகாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த நெடியில்தான் அவர் பிழைப்பே.

வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ் சுலோசனா அப்போது கடையில் நின்றிருந்தார். கையிலிருந்த ஊசிப்பெட்டியைத் திறந்தபடியே, "ஐயா, ஒரு அட்ரினலின் எடுங்க" என்றார்.

கன்னியப்பன் கையை ஆட்டினார். "வேணாம்மா... கை போயிடும்."

உதடு நீலம் பூத்திருக்கிறது, அப்போதும் வேண்டாமாம். எனக்குக் கோபமாக வந்தது. போன வருஷம் இதே ஊசி போட்டுக்கொண்டு, கை நடுங்க நடுங்க வேலைக்குப் போய், ஒரு துணிக்கடைப் பலகையை அவர் பாழாக்கிய கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எவ்வளவு இழுப்பு வந்தாலும் சுக்குத் தண்ணிதானாம்.

"மூச்சு நின்னுட்டா கையி மட்டும் எழுதுமாண்ணே?" என்றார் சுலோசனா. நாடியைப் பார்த்தார், நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார், கொஞ்சமாக மருந்தை ஏற்றித் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்தினார்.

இருபது வருஷமாக அந்த மருந்தை விற்கிறேன், அது வேலை செய்து பார்த்ததில்லை. பத்து நிமிஷத்துக்குள் விசில் தேய்ந்தது. தூக்கிப் பிடித்திருந்த தோள் இறங்கியது. அவர் முழுசாக ஒரு மூச்சு விட்டபோது எனக்கே நெஞ்சு லேசானது. உடனே அவர் தன் விரல்களைப் பார்த்தார். நடுங்கின.

"பாத்தீங்களா" என்றார். கண் கலங்கிவிட்டது.

சுலோசனா மருந்து மடிக்கும் தாள் ஒன்றையும் பென்சிலையும் என்னிடம் வாங்கி அவரிடம் கொடுத்தார். "ஒரு கோடு போடுங்க."

கோடு புழுவாக நெளிந்தது.

"மூச்சுக் கொழாயச் சுத்தி இருக்கிற சதை இறுக்கிப் புடிச்சிடுச்சு. அத விடச் சொல்றதுதான் இந்த மருந்து. ரத்தத்தோட போவுது இல்ல, கைக்கும் போவும், நெஞ்சும் படபடங்கும். பயந்தா நம்ம ஒடம்பே ஊற வைக்கிற சரக்குதான் இது. பயம் போனா நடுக்கமும் போவுதில்ல? அதே மாதிரி இதையும் ஒடம்பே தீர்த்துடும். பத்து நிமிசத்துக்கு ஒண்ணு போட்டுக்கினே வாங்க."

வேறு நாலு வீட்டில் ஊசிக்குக் காத்திருந்தார்கள். சுலோசனா நகரவில்லை. நான் கடிகாரம் பார்த்துச் சொல்ல, கன்னியப்பன் கோடு போட்டார். மூன்றாவது கொஞ்சம் அடங்கியது. ஐந்தாவதில் நுனி மட்டும் அசைந்தது. ஆறாவதை அடிமட்டம் வைத்துப் போட்டது என்றால் நம்புவார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. மீதி இரண்டு எழுத்தை நாளைக்கு எழுதினால் போதும் என்று நானே சொன்னேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள், சுலோசனா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மூச்சு இரைக்க இரைக்கக் கன்னியப்பன் படியேறி வந்தார். பேச முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து இடது சட்டைக்கையைத் தானே மேலே சுருட்டிவிட்டார். பிறகு, தாளுக்காக வலது கையை என் பக்கம் நீட்டினார்.