சுகமான நாய்களைப் பற்றி யாரும் அழைப்பதில்லை

பகேரியாவிலிருந்து திரும்பும் ரயிலில், அன்று காலை தான் கைவிட்டு வந்த நாயின் பெயர் சிவானுஜாவுக்கு மறந்துபோயிற்று.

எட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பழக்கிய நாய். இரண்டாவது தடவையாகவும் வீட்டுப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டது. இனி இதை இந்த வீட்டில் வைத்திருக்க முடியாது என்று சொல்ல வேண்டியவள் அவள்தான், சொன்னாள். பிள்ளையின் தாய் குசினிக் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதாள். ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்பது மட்டுமே சிவானுஜாவின் மனதில் ஓடியது. முன்பெல்லாம் இப்படி ஒரு நாயை விட்டு வந்தால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காதவள் அவள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இறங்கும்போது பெயர் ஞாபகம் வந்தது. ஆர்கோ. ஞாபகம் வந்தும் நெஞ்சு அசையவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

ஆறு வயதில் பலெர்மோ நகரத்துக்கு வந்தவளுக்கு இப்போது முப்பத்துநான்கு வயது. நாய்ப் பயிற்சியாளராகப் பன்னிரண்டு வருடம். கடிக்கிற நாய், பயந்து நடுங்குகிற நாய் என்று மற்றவர்கள் மாட்டோம் என்றவற்றையெல்லாம் அவள் ஏற்றாள். சாப்பிடும்போதும் தொலைபேசி அடிக்கும். கடித்துவிட்டது, கதவைப் பிறாண்டிவிட்டது, என்ன செய்வது என்று எல்லாரும் அழுவார்கள்.

அன்று பின்னேரம் கடற்கரை ஊரான மொண்டெல்லோவில் பெனடிக்ற் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஐம்பது வயது தாண்டியவர். கடற்கரை உணவகமொன்றில் சமையல் வேலை. உணவகத்தின் பின்புறம் அடிபட்டுக் கிடந்த கறுப்பு நாயொன்றைத் தூக்கிவந்து நேரோ என்று பெயர் வைத்து வளர்த்தார். நேரோவுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

நேரோவை நடத்திக்கொண்டு போகும்போது வீதியில் யாரோ குடையை விரித்தார்கள். நேரோ நின்றுவிட்டது. சிவானுஜா கூப்பிட்டாள். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அடுத்த கணம் அவள் கை கயிற்றைச் சுண்டி இழுத்தது. நாய் கத்தவில்லை. வயிறு தரையில் ஒட்ட, அப்படியே படுத்துவிட்டது.

பெனடிக்ற் அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

"விடும் பிள்ளை. இதைச் செய்யக்கூடாதெண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்?"

"ஓம் அண்ணை. நான் செய்தது பெரிய பிழை. ஏன் செய்தனானெண்டு எனக்கே தெரியேல்லை."

"எனக்குக் கோபம்தான். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன்." அவர் குந்தியிருந்து நாயின் முதுகைத் தடவினார். "ஆனா போன வருசம் இவன் மேசைக்குக் கீழை கிடந்துதான் சாப்பிட்டவன். இப்ப கடற்கரை வரைக்கும் வாறான். அது உம்மாலை. அதையும் நான் மறக்கேல்லை. உமக்கு ஏலாமல் கிடக்கு, பிள்ளை. வீட்டை போய்ப் படும். சுகம் வந்தோடனை வாரும். நான் வேறை ஆளைத் தேடமாட்டன்."

பேருந்துத் தரிப்பில் நின்று எமிலியானாவை அழைத்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது நாய்ப் பயிற்சித் திடலொன்றை இருவருமாக நடத்துகிறார்கள்.

"எமி, நான் நேரோவைச் சுண்டி இழுத்துப்போட்டன்."

"எங்கை நிக்கிறாய்?"

"மொண்டெல்லோவிலை."

"அங்கையே நில். வாறன்."

காருக்குள் ஏறியதும்தான் கண்ணீர் வந்தது. "ஆரும் அழுதால் எனக்கு எரிச்சல்தான் வருகுது. கல்லாப் போனன் எமி."

"கல்லெண்டால் இப்ப ஏன் அழுகிறாய்?" எமிலியானா காரை ஓரமாக நிறுத்தினாள். "மூண்டு மாசமா உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கேட்டால் சினப்பாயெண்டு பேசாமல் இருந்திட்டன். அது என்ரை பிழை." சிவானுஜாவின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். "ரெண்டு மாசத்துக்கு இது என்னட்டை. உன்ரை நாயளும் என்னட்டை."

ஒரு மனநல மருத்துவரிடமும் அவளே கூட்டிப்போனாள். இரக்கப்பட்டு இரக்கப்பட்டே மனம் களைத்துப்போவது தாதிகளுக்கும் மிருக வைத்தியர்களுக்கும் வருகிற ஒன்றுதான் என்றார் மருத்துவர். தான் கெட்டவளாகிவிடவில்லை, களைத்துத்தான் போனாள் என்று கேட்டதே சிவானுஜாவுக்குப் பாதி மருந்தாக இருந்தது. முதல் இரண்டு வாரமும் நித்திரைதான்.

மூன்றாம் வாரம் எமிலியானா வந்து பக்கத்தில் இருந்தாள். "உனக்கு ஒரு விசயம் விளங்கினதோ? நாய் சுகமாயிருந்தால் ஒருத்தரும் எங்களுக்கு போன் பண்ணமாட்டினம். கெட்ட செய்தி மட்டும்தான் எங்களுக்கு வரும். அதாலை நான் பழைய ஆக்களிட்டைக் கேட்டனான், உங்கடை நாய் இப்ப எப்பிடி எண்டு."

நாற்பத்தொரு குரல்செய்திகள் வந்திருந்தன. தபால்காரரைக் கண்டால் பாய்ந்த நாய் இப்போது அவரிடம் தலையைத் தடவக் கொடுக்கிறதாம். வீட்டில் ஆளில்லாவிட்டால் கதவைப் பிறாண்டிய இன்னொன்று ஆறு வருடமாகப் பேசாமல் படுத்திருக்கிறதாம். நிலக்ஷி என்றொரு பெண்ணின் குரல் தமிழில் வந்தது:

"அக்கா, எங்கடை லூனா போன மாசம் செத்துப்போச்சுது. பதின்மூண்டு வயசு. என்ரை கட்டிலிலை படுத்திருந்துதான் செத்தது. நீங்கள் வந்திருக்காட்டில் ரெண்டு வயசிலையே ஊசி போட்டுச் சாகடிச்சிருப்பினம். பதினொரு வருசம் எங்களுக்குத் தந்தனீங்கள். உங்களுக்கு அதைச் சொல்லோணுமெண்டு எனக்கு முதலே தோன்றேல்லை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அதை மூன்று தடவை கேட்டாள். நெஞ்சு அசைந்தது. அப்படி அசைந்ததற்கே யாருக்காவது நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது.

இரண்டு மாதம் கழிந்து மொண்டெல்லோவுக்குப் போனாள். நேரோ பெனடிக்ற்றின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. அவள் கூப்பிடவில்லை, மணலில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு நாய் வந்து அவளுடைய சப்பாத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இண்டைக்கு இவ்வளவும் காணும், அண்ணை," என்றாள்.

"காணும், காணும். கையைக் கழுவிப்போட்டு வாரும். சாளை மீன் பொரிச்சு வைச்சிருக்கிறன்."

இப்போது கடினமான நாய்களில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் அவள் எடுப்பதில்லை. நான்காவதாக யாராவது கேட்டால் "இப்ப ஏலாது" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது இன்னமும் குரல் கொஞ்சம் தடுமாறுகிறது. பக்கத்து மேசையிலிருந்து எமிலியானா நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையை ஆட்டுவாள்.